குடைகளுக்குப் பக்கத்தில்

கிடர்பூர், கல்கத்தா
18-8-1997

அன்புள்ள மதினி அவர்களுக்கு, தம்பி வீட்டுக்காரி விஜயலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் அனுராதாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முட்டிவலி தேவலையா? அண்ணாச்சி சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா?

இங்கே மழை விடவில்லை. எங்கள் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். கடையில் வாளி, குவளை, கொசுவலை எல்லாம் அப்படியே கிடக்கிறது. குடையும் மழைக்கோட்டும்தான் போகிறது. அனுராதா காலேஜுக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறாள்.

உங்கள் தம்பிக்குத் துறைமுகத்தில் டூட்டி அதிகம். அதனால்தான் அவர் எழுதவில்லை. காலில் ஆணி வந்து கொஞ்சம் தொந்தரவு, வேறொன்றும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மாமியார் படுக்கையில் விழுவதற்கு முன்னால், தள்ளாடி நடந்துகொண்டிருந்த காலத்தில், விழாமலிருக்க என்ன செய்தீர்கள்? குளியலறையில் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? கடைக்கு வருகிற ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் ஒருவருக்கு அப்படி இருக்கிறதாம். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பதில் எழுதினால் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். வீட்டுப் பெட்டியில் மழைத்தண்ணீர் இறங்குகிறது.

உங்கள் அன்பை மறவாத,
விஜயலட்சுமி

---

கோவில்பட்டி
2-9-1997

விஜயலட்சுமிக்கு உன் மதினி கிருஷ்ணம்மாள் ஆசீர்வாதம். எனக்கு முட்டிவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். அண்ணாச்சி மாத்திரையும் சாப்பிடுகிறார்கள், லட்டும் சாப்பிடுகிறார்கள்.

உன் கடிதம் வந்தது. ஆணி வந்தவன் அக்காவுக்கு எழுத மாட்டானா? ஆணி காலில்தானே? எத்தனை டூட்டி இருந்தாலும் கவர் மேலே விலாசத்தை என் தம்பிதான் எழுதுவான். உன் எழுத்தைப் பார்த்தால் கடிதம் கொல்லத்துக்குப் போய்விடும் என்று கேலி செய்வான். இந்தத் தடவை விலாசமும் உன் கையெழுத்து. பதிலை வேறு கடைக்கு எழுதச் சொல்கிறாய். அவனுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாய்.

எங்கள் அம்மா போனபோது மாரியப்பனுக்கு ஏழு வயது. சோறு ஊட்டியது நான், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான். எனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப்போகிறாய்?

அந்த 'ஒருவர்' யார்? அதை முதலில் எழுது. குளியலறையில் எதைப் பிடிப்பது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அனுராதாவுக்கு என் முத்தம். அவள் தமிழில் ஒரு வரியாவது எழுதட்டும்.

கிருஷ்ணம்மாள்

---

கிடர்பூர்
20-9-1997

மதினி அவர்களுக்கு விஜயா எழுதுவது. உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டுக் கொசுவலைக் கட்டுக்குள் ஒளித்து வைத்தேன். நீங்களும் அண்ணாச்சியும் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் நன்றாக இல்லை.

ஜூன் மாதம் டிராமிலிருந்து இறங்கும்போது அவருக்கு வலது கால் கூடவே வரவில்லை. கால் மேலே நிற்க, உடம்பு மட்டும் கீழே இறங்கிவிட்டது. டாக்டர், தலையில் சின்ன நரம்பு ஒன்று அடைத்திருக்கிறது என்றார். கை சரியாகிவிட்டது, வாய் கோணவில்லை. கால் மட்டும் பழையபடி ஆகாது என்று சொல்லிவிட்டார். கம்பு ஊன்றினால் கடைசிவரை நடமாடலாம். ஊன்றாமல் ஒரு தடவை விழுந்து இடுப்பு முறிந்தால் பிறகு படுக்கைதான் என்றார்.

அவர் ஊன்ற மாட்டேன் என்கிறார். கப்பல் ஏணியில் ஏறி இறங்கிச் சரக்கைச் சரிபார்க்கிற வேலை. கம்போடு பார்த்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லாயக்கில்லை என்று எழுதினால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

"ஏட்டி, நான் என்ன நொண்டியா? ஊர் பூரா சொல்லிட்டு வா," என்று கத்தினார். உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அதை உடைத்துவிட்டேன்.

இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? நீளக் குடை ஒன்றை எடுத்துக்கொண்டு அதை ஊன்றிப் போகிறார். மழைக்காலமானதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விஸ்வகர்மா பூஜைக்கு வருஷாவருஷம் மொட்டை மாடியில் நின்று பட்டம் விடுவார். இந்த வருஷம் காய்ச்சல் என்று சொல்லிக் கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

நம் கடை மேஜைக்கு அடியில் ஒரு சாக்குக்குள் பன்னிரண்டு கைத்தடி இருக்கிறது மதினி. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பதால் வாக்கர், பெட்பேன், ரப்பர் ஷீட் எல்லாம் அங்கேயே வைத்திருக்கிறோம். அந்தச் சாக்கின் மேலேதான் நான் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். மழை நின்றால் அவர் என்ன செய்வார்?

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஜயலட்சுமி

---

கோவில்பட்டி
6-10-1997

விஜயாவுக்கு ஆசீர்வாதம். ரெண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அண்ணாச்சி அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

நீ ஒரு காரியம் செய். அந்தச் சாக்கை அவிழ்த்து, கைத்தடிகளைக் குடைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடு. குடை மழைக்கு, கம்பு காலுக்கு. ரெண்டும் கையில் பிடிக்கிற சாமான்தானே? திருட்டுச் சாராயம் மாதிரி மேஜைக்கு அடியில் வைத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தால், வாங்குகிறவன் அதை எப்படித் தெருவில் ஊன்றுவான்? தினம் கண்ணில் பட்டால்தான் கைக்கு வரும். உன் புருஷன் உன் கடையில் பார்க்காததை எங்கே பார்ப்பான்?

குளியலறையில் ஒரு இரும்புக் கம்பியைச் சுவரில் பதித்துவிடு. தரையில் சோப்புத் தண்ணீர் நிற்கக்கூடாது.

என் மாமியாரை நான் பார்த்துக்கொண்ட விதத்தை இந்த ஊரே சொல்லும். ஒன்றரை வருஷம். ஒரு நாள் முகம் சுளித்தது கிடையாது. அவர்களும் தங்கமான மனுஷி. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்றுகூட என்னைத் தொல்லை செய்ததில்லை. நம் குடும்பத்துக்கு இது புதிசில்லை. தைரியமாக இரு.

கிருஷ்ணம்மாள்

---

கிடர்பூர்
12-11-1997

மதினிக்கு வணக்கம். தீபாவளியும் காளி பூஜையும் வெடிச்சத்தத்தோடு போயிற்று. நீங்கள் அனுப்பிய சேலை கிடைத்தது. அனுராதா தமிழில் எழுத உட்கார்ந்து, 'அத்தை' என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் பேனாவைக் கடித்தாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன மாதிரி தொங்கவிட எனக்குத் தைரியம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் பெட்பேனும் கைத்தடியும் கண்ணில் பட்டால் யார் உள்ளே வருவார்கள்? கல்யாணத்துக்கு வாளி வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு துறைமுகத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் எங்கள் தெருவழியாகத்தான் போகிறார்கள். இந்த வீட்டில் யாருக்கு என்ன என்று ஒருவர் கேட்டால் போதுமே.

போணியும் ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பா காலத்திலிருந்து நம் கடையில் போணி ஆகாமல் நோயாளி சாமான் எதையும் கொடுப்பதில்லை. நாள் முழுக்க அதே மாதிரி வியாபாரம்தான் வரும் என்பார். இங்கே பெங்காலிகளுக்கும் அதே பயம் உண்டு. போன வாரம்கூட ஒரு பெங்காலி அம்மா காலை ஏழு மணிக்கு வந்து வாக்கர் கேட்டார். பத்து மணிக்கு மேல் வாருங்கள் என்றேன். பிறகு வரவில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பார்.

மழை நின்றுவிட்டது. அவர் இன்னும் குடையோடுதான் போகிறார். "மாரியப்பன்-தா, ஆகாசத்துல மேகமே இல்லியே, யாருக்குக் குடை?" என்று சரக்கு ஷெட்டில் கேலி செய்கிறார்களாம். இங்கே அண்ணனுக்குத் 'தா', 'தாதா' என்பார்கள். "வெயிலுக்குப்பா," என்று சொல்லிச் சமாளித்தாராம். எத்தனை நாளைக்குச் சமாளிப்பார்?

ஒரு கவலை மட்டும் விட்டது. ஷெட்டில் கக்கூஸுக்கு ஒன்பது படி இறங்க வேண்டும். கைப்பிடி கிடையாது. அதில் விழுந்துவிடுவாரோ என்று தினமும் செத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் போவதே இல்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் திரும்பி வரும்வரை தண்ணீர், டீ எதுவும் தொடுவதில்லை. கேட்டால் தாகமே இல்லை என்கிறார். பழகிவிட்டது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
விஜயலட்சுமி

---

கிடர்பூர்
21-12-1997

மதினி அவர்களுக்கு, விஜயா மறுபடியும் எழுதுகிறேன். ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே எழுந்து நிற்கிறேன். அண்ணாச்சிக்கு ஒன்றுமில்லையே? என் மேல் கோபமா?

கோபமென்றால் இதையும் கேட்டுவிட்டு மொத்தமாகக் கோபித்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு வாக்கர் கேட்டு வந்த அம்மாவைப் பற்றி எழுதினேன் அல்லவா? நந்தி பௌதி என்று கூப்பிடுவோம், இங்கே பௌதி என்றால் மதினி. புருஷன் நந்தி பாபு துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். போன வியாழக்கிழமை மீன் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். வாக்கர் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

நான் திருப்பி அனுப்பிய அதே நாள் காலை ஒன்பது மணிக்கு நந்தி பாபு சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போயிருக்கிறார். சுவர் முடிகிற இடத்தில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. ஆபரேஷன் தாங்க மாட்டார் என்று படுக்கையிலேயே வைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பத்து மணிக்கு வரச் சொன்னீங்க பௌதி, என்னால வர முடியல. தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார். மீன்கூட வாங்காமல் திரும்பினேன்.

ஏழு மணிக்கு என் காலடியில் மூன்று வாக்கர் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இதை உங்கள் தம்பியிடமும் சொல்லவில்லை, அனுராதாவிடமும் சொல்லவில்லை. அந்த ஒன்பது மணி என் வீட்டுக்கும் வரும் என்றே தோன்றுகிறது. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறேன். குவளை விழுந்தால்கூட என் உயிர் போய்த் திரும்புகிறது.

பத்து நாளாக அவருக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல், நடுக்கம். அதோடேயே டூட்டிக்குப் போகிறார்.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

விஜயா

---

கோவில்பட்டி
8-1-1998

விஜயாவுக்கு. நாங்கள் இருக்கிறோம். உன் மேல் கோபமில்லை. அண்ணாச்சிக்கும் ஒன்றுமில்லை. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறார்கள், அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நவம்பர் மாதம் நீ எழுதிய கடிதத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, பழகிவிட்டது, ஒரு கவலை விட்டது என்று எழுதியிருந்தாய். அந்த இடம்வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா எடுக்க முடியவில்லை.

என் மாமியார் என்னிடம் தண்ணீர் கேட்டுத் தொல்லை செய்ததில்லை என்று பெருமையாக எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறேன். நிஜத்தை உனக்கு எழுதுகிறேன்.

அவர்களுக்குக் கொல்லைக்கு நடக்க முடியாமல் போனபோது ஒரு பெட்பேன் வேண்டியிருந்தது. பஜாரில் மருந்துக்கடைப் பரணில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று தடவை போனேன். கடை நிறைய ஆம்பிளைகள். பெட்பேன் வேண்டும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், பையன் ஏணி போட்டு எடுப்பான், எல்லாரும் பார்ப்பார்கள். மூன்று தடவையும் சோப்புக்கட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அண்ணாச்சியிடம் சொன்னால், "அது பொம்பளைக சமாச்சாரம்," என்றார்கள்.

நான் தூக்கிக்கொண்டுதான் போவேன். எனக்கு இடுப்பு வலிக்கும். அவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். "தாகமில்ல தாயி," என்பார்கள். நாக்கு வெடித்திருக்கும். எனக்கு அது தெரியும் விஜயா. தெரிந்துகொண்டே சரி என்று போய்விடுவேன், ஒரு தடவை தூக்குவது மிச்சம் என்று. காய்ச்சல், நடுக்கம், நீர்க்கடுப்பு, எல்லாம் நீ எழுதிய அதே வரிசைதான். சிறுநீரகம் கெட்டுத்தான் போனார்கள். தங்கமான மருமகள் என்று ஊர் சொன்னது. நானும் கேட்டுக்கொண்டேன்.

என் தம்பி தண்ணீர் குடிக்க வேண்டும். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அந்தச் சாக்கை அவிழ்த்துத் தொங்கவிடு. யாரும் கேட்க வேண்டியதில்லாமல், பார்த்துவிட்டுக் கையால் எடுக்கிற உயரத்தில் தொங்கவிடு. பெட்பேனையும் வாளியோடு வாளியாக வை. என்னை மாதிரி ஒருத்தி சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பக்கூடாது.

நந்தி வீட்டம்மாவுக்கு என்ன வேண்டுமோ அதை நீயே எடுத்துக்கொண்டு போய்க் கொடு. நீ செய்ததைச் சொல்லிவிட்டுக் கொடு.

கிருஷ்ணம்மாள்

---

கிடர்பூர்
13-2-1998

மதினி அவர்களுக்கு விஜயா வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை வேறு யாருக்கும் காட்டவில்லை. அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஊசியில் காய்ச்சல் நின்றது. மீதியைக் கேளுங்கள்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் சாக்கை அவிழ்த்தேன். பன்னிரண்டு கைத்தடியையும் துடைத்துக் குடைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். வாக்கரை வாசலில் விரித்து வைத்தேன். பெட்பேனை வாளிக்கும் பேசினுக்கும் நடுவில் அடுக்கினேன். எதிர்க்கடைப் பாத்திரக்காரர், "ஏங்க, மாரியப்பன்-பௌதி ஆஸ்பத்திரி தெறந்துட்டாங்க, பெட்டு எத்தனை?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். கல்யாணச் சாமான் வாங்க வந்த ரெண்டு பெண்கள் வாசலிலேயே திரும்பினார்கள். அன்றைக்கு மத்தியானம்வரை போணி இல்லை. எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு ஒரு கிழவனார் குடை ரிப்பேருக்கு வந்தார். ஒரு கைத்தடியை எடுத்தார். ஊன்றி வாசல்வரை போனார், திரும்பி வந்தார். "கறுப்புக் கலர் இருக்கா?" என்றார். குடைக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆஸ்பத்திரி போகிற பெண்கள் முன்பெல்லாம் என் காதோரம் குனிந்து கேட்பார்கள். இப்போது எடுத்து, ரப்பர் காலை அமுக்கிப் பார்த்து, அடுத்தவளிடம் எது நல்லது என்று கேட்கிறார்கள்.

நந்தி பௌதி வீட்டுக்கு ரப்பர் ஷீட்டும் பெட்பேனும் எடுத்துக்கொண்டு போனேன். போணிக்காகத்தான் அன்றைக்குத் திருப்பி அனுப்பினேன் என்று சொன்னேன். அந்த அம்மா நந்தி பாபுவின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "அந்த மூலையில வெச்சுட்டுப் போங்க," என்றார். டீ கொடுக்கவில்லை. அதுதான் நியாயம்.

நாலாம் நாள் உங்கள் தம்பி கடைக்கு வந்தார். பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "எனக்கு நோட்டீஸ் அடிச்சு ஒட்டுதியா? இதுக்கு நேரா ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வாயேன்!" என்று எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கில் திணித்தார். அனுராதா மறுநாள் காலேஜுக்குப் போகுமுன் வந்து எல்லாவற்றையும் திரும்பத் தொங்கவிட்டாள். "மா, உனக்குப் பயம்னா நீ உள்ள உட்காரு. பாபா கேட்டா நான்தான்னு சொல்லு," என்றாள்.

அதற்கு ரெண்டாம் நாள் ஷெட்டில் இரும்புப் பலகை மேல் நடக்கும்போது குடைக் கம்பி வளைந்து முறிந்து, ஆபீசர் கண்ணெதிரே விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை கிழிந்தது. ஆனால் ஆபீசர் எழுதிவிட்டார். மார்ச் பன்னிரண்டாம் தேதி மெடிக்கல் போர்டு.

"உன் கடைதான் என்னைக் காட்டிக்கொடுத்துச்சு," என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். அவ்வளவுதான். நான் தொங்கவிட்டதால்தான் இப்படி ஆயிற்றா மதினி? குவார்ட்டர்ஸை விட்டு எங்கே போவோம்? இந்த வீட்டுச் சுவரைப் பார்க்கக்கூடப் பயமாக இருக்கிறது.

விஜயலட்சுமி

---

கோவில்பட்டி
23-2-1998

லே மாரியப்பா,

அக்கா எழுதுகிறேன். விஜயா சத்தியத்தை உடைத்துவிட்டாள் என்று குதிக்காதே. உன்னைவிட உன் உயிர் அவளுக்குப் பெரிசு. வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறாயா? முதலில் அதைச் சொல்.

கடை காட்டிக்கொடுத்தது என்கிறாயாம். உன்னைக் காட்டிக்கொடுத்தது குடை. துணிக்குக் கட்டின கம்பி உன்னைத் தாங்குமா? மூன்று மாசம் மேகமில்லாத ஆகாசத்துக்குக் குடை பிடித்து யாரை ஏமாற்றினாய்? ஷெட்டில் கேலி செய்தார்களே தவிர, காலுக்கு என்ன என்று கேட்க ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். எனக்கும்தான். அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் யோசி. போர்டில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், இவன் எப்போது விழுவான் என்றுதான் பார்ப்பார்கள். கம்பை ஊன்றி நேராகப் போனால், இவனுக்கு எந்த வேலை கொடுக்கலாம் என்று ஒருவராவது யோசிப்பார். வேலை போனால் கோவில்பட்டியில் வீடு இருக்கிறது. இடுப்பு போனால் நான் எங்கே வாங்க?

அவளோடு பேசு. இல்லாவிட்டால் நான் ரயிலேறி வந்து உன்னை அடிப்பேன். அண்ணாச்சி ஆசீர்வாதம்.

அக்கா

---

மெடிக்கல் போர்டு வராந்தா, கல்கத்தா
12-3-1998

அன்புள்ள மதினி அவர்களுக்கு, இதை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அங்கே எல்லாரும் சுகமாக இருங்கள். இங்கே நாங்கள் ஒரு பெஞ்சில் இருக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்த பிறகும் அவர் பேசவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். இன்று காலை வேட்டியை அவிழ்த்துப் பேண்ட் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடியே இறங்கினார். நான் பின்னாலேயே வந்தேன். கம்பு எடுப்பாரா, மாட்டாரா, கேட்கவும் வாய் வரவில்லை. டிராமுக்குப் போகாமல் நேரே கடைக்குள் நுழைந்தார். அனுராதா ரெண்டு பேருக்கு வாளி காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் பார்க்கப் பார்க்க ஒரு கைத்தடியை எடுத்தார், ஊன்றினார், மாட்டிவிட்டார். இன்னொன்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இது நீளம் சரியா இருக்கா?"

ஒரு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "முழங்கை லேசா மடங்கணும்ங்க, அதான் கணக்கு," என்றேன். வாளி வாங்க வந்தவர், "நல்லா இருக்கு தாதா," என்றார்.

இங்கே வந்தால் பெஞ்சில் எட்டுப் பேர். எல்லாரும் துறைமுகத்து ஆட்கள். ஒருவர் காலைப் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். ஒருவர் கையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. ஒருவர் நீளக் குடை வைத்திருந்தார், மதினி. வெளியே மாசிக் கடைசி வெயில்.

பதினோரு மணிக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பை ஊன்றி உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. ரொம்ப நேரம் ஆயிற்று. கதவு திறந்தபோது வராந்தாவை அப்போதுதான் ஒருத்தி தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தாள். நான் எழுந்தேன். அவர், உட்காரு என்று கையைக் காட்டினார். அந்த ஈரத்தில் அவர் ஒவ்வொரு அடியாக வந்து என் பக்கத்தில் உட்காரும்வரை எட்டுப் பேரும் அந்தக் கம்பையே பார்த்தார்கள்.

கப்பல் ஏணி இனிமேல் கிடையாதாம். ஷெட் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களின் பாஸைப் பார்க்கிற வேலை. ஆறு மாதத்துக்கு. அதற்குப் பிறகு திரும்ப வந்து காட்ட வேண்டும். அப்போது என்ன சொல்வார்களோ, தெரியாது. குவார்ட்டர்ஸ் ஆறு மாதத்துக்கு இருக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான் தெரியும்.

கிளம்பலாம் என்று எழுந்தோம். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். குடை வைத்திருந்தவர்தான். கிரேன் ஓட்டுகிற பீகார்க்காரர், பெரிய உடம்பு. எழுந்தவர் ஈரத் தரையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். ப்யூன் மறுபடியும் கூப்பிட்டான். "போங்க பாய், போங்க," என்றார்கள் எல்லாரும். அவர் கால் நகரவில்லை. உங்கள் தம்பி தன் கம்பை அவரிடம் நீட்டினார். அவர் குடையை எங்கள் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, கம்பை ஊன்றி உள்ளே போனார்.

அவர் போய் அரைமணி நேரம் ஆகிறது. கம்பு வெளியே வந்தால்தான் நாங்கள் வீட்டுக்குப் போக முடியும். உங்கள் தம்பி ரெண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தனக்காக உட்கார்ந்திருந்தபோதுகூட இப்படிப் பயந்து நான் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஜயலட்சுமி